கோதுமை படாத நூடுல்ஸும் நான் கேட்ட கேள்வியும்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிட்ட கரட்டுக் காட்டில் நான் கோழிப்பண்ணை கட்டினேன். மூன்று போர்க் கிணறு வெறும் புழுதியாகப் புகைந்து போனது, நாலாவதில் தண்ணீர் வந்தது. பிறகு சொந்தமாகவே போர் போடும் ரிக் வண்டி ஒன்று வாங்கி அடுத்தவர் காட்டுக்கும் தண்ணீர் காட்டினேன். தீவன ஆலை, மாடி வீடு, மகனுக்கு இன்ஜினியர் படிப்பு, எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. இத்தனை செய்தவனுக்கு, ஒரு குழந்தை தின்னக்கூடிய நூடுல்ஸ் டப்பாவைச் சேலத்தில் தேடிப் பிடிக்க முடியவில்லை.

குழந்தை என் பேத்தி. ஒன்பது வயது. கோதுமை துளி உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பள்ளியில் மைசூருக்கு மூன்று நாள் சுற்றுலா. "ஒத்துக்கிற சாப்பாட்டைக் கொடுத்து விடுங்க, சுடுதண்ணி மட்டும் நாங்க பாத்துக்கறோம். இல்லீன்னா கூட்டிட்டுப் போக பயமா இருக்குங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் சுடுதண்ணீர் ஊற்றித் தின்னும் நூடுல்ஸ்தான் இவளுக்கும் வேண்டுமாம்.

மருமகளும் நானும் கடை கடையாக ஏறினோம். டப்பாவின் முன்பக்கம் அரிசி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவள் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். நூடுல்ஸ் அரிசியாகவே இருந்தாலும் உள்ளே சாஸ் பொட்டலம், அந்தச் சோயா சாஸில் கோதுமை. வக்கீல் பத்திரம் படிப்பதுபோல அவள் படித்ததை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். க்ளூட்டன் என்கிற கோதுமைச் சத்து இல்லாத டப்பா ஆன்லைனில் ஒன்று கிடைத்தது. ஆனால் சுற்றுலா முடிந்த பிறகுதான் வருமாம்.

"ஏனுங் மாமா, நம்ம சந்தகையும் அரிசி நூடுல்ஸ்தானுங்களே?" என்றாள் காரில்.

அவளுக்குத்தான் அது தோன்றியது, ஒத்துக்கொள்கிறேன். அரிசியைக் கழுவி உலர்த்தி மில்லில் அரைத்தாள். மாவைப் பிசைந்து, இடியாப்பம் போல மெல்லிசாகச் சந்தகை பிழிந்து, ஆவியில் வேகவைத்து, மாடியில் காயவைத்தாள். கோதுமை சேராத சோயா சாஸ் எங்கோ தேடிப் பிடித்தாள். காய்ந்த கேரட், பூண்டு, இஞ்சி, மிளகு சேர்த்துச் சுடுதண்ணீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம். பேத்தி ஒரு கிண்ணம், நான் ரெண்டு கிண்ணம் தின்றோம். அப்படி ஒரு ருசி.

மறுநாள் பேத்திக்கு வயிற்றுவலி.

சுற்றுலாவுக்கு ஆறு நாள் இருந்தது. "நான் போவலீங் அப்பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மருமகள் பாட்டிலையும் பொட்டலங்களையும் பரப்பி மறுபடி படித்தாள். எதிலும் கோதுமை இல்லை.

நான் கேட்டேன்: "மாவு எங்க சாமி அரைச்ச?"

"நம்ம முக்கு மில்லுலதானுங் மாமா."

"உனக்கு முன்னால என்ன ஓடுச்சு?"

அவள் முகம் மாறியது. "கோதுமைங்க."

எந்தப் பொடி எழுத்தும் இதைச் சொல்லாது. முட்டைக்கோழித் தீவனம் ஓடிய மெஷினைத் துடைக்காமல் குஞ்சுத் தீவனம் போட்டு, குஞ்சுக்கு ஆகாத கிளிஞ்சல் தூள் கலந்து, ஆரம்பத்தில் ஒரு கொட்டகைக் குஞ்சுகளைப் பாழாக்கியவன் நான். முன்னால் ஓடியது பின்னால் வரும். அன்றைக்கே வீட்டுக்கு ஒரு மாவு மெஷின் இறக்கினேன். அரிசியைத் தவிர வேறெதையும் அதில் போட்டால் கையை உடைப்பேன் என்றேன்.

புது மாவில் பிழிந்ததைத் தின்ற பேத்திக்கு வயிறு வலிக்கவில்லை. மைசூர் போனாள். திரும்பி வந்து, "டீச்சரே ஒரு கிண்ணம் வாங்கித் தின்னாங்க அப்பாரு. எங்கம்மா கண்டுபுடிச்சதுன்னு சொன்னேன்" என்றாள்.

"மெஷின் சமாச்சாரத்தைச் சொன்னயா?"

"அத மறந்துட்டனுங்க."

இப்போது இதே தொந்தரவு உள்ள நாலைந்து குழந்தைகளுக்கும் மருமகள் பொட்டலம் போட்டு அனுப்புகிறாள். கெட்டிக்காரி, ஊரே புகழட்டும். ஆனால் பொட்டலத்தின் மேல் 'அம்மா செய்தது' என்று மட்டும் ஒட்டுகிறாள். 'மில்லைப் பற்றிக் கேட்டுக் கண்டுபிடித்தவர் மாமனார்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் இடமில்லை என்கிறாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடு அம்மிணி, போதும். ஆனால் போட்டே ஆகவேண்டும்.