ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டவர்

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகலாம் என்று பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது தொலைபேசி அடித்தது. நல்லமுத்து மேஸ்திரியின் மகன் பேசினார். "அப்பா விடியக்காலம் போயிட்டாருங்க சார்" என்றார். வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி கமலம் யாரென்று கேட்டாள். சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். நான் சந்தைப் பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.

இந்த வயதில் சாவுச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உடைந்துபோகத் தெம்பு இல்லை. ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. கொல்லிமலைச் சாலையில் அவரோடு மண் அள்ளியவர்களும், மலைமேல் அந்த லைன் வீட்டில் எங்களுக்கு முன்னும் பின்னும் குடியிருந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன்: அவருக்கும் எங்களுக்கும் இருந்த பழக்கத்தில் பெரும்பகுதி பீடிப் புகையைப் பற்றிய தகராறுதான்.

தொண்ணூற்றெட்டில் எனக்குக் கொல்லிமலைமேல் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. ஓய்வுக்கு முன் அதுதான் கடைசி ஊர். அதுவரை பிள்ளைகளின் படிப்புக்காகக் கமலம் ஒரு பக்கமும் வேலைக்காக நான் ஒரு பக்கமுமாகவே வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகுதான் ஒரே வீட்டில் இருந்து ஒரே அடுப்பில் சாப்பிடலாம் என்று நினைத்தோம். அவளுக்கு இளைப்பு உண்டு. குளிர் பரவாயில்லை, தூசியும் புகையும்தான் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையில் புகைக்கு எங்கே போவது என்று நம்பிப் போனோம்.

வெளியூர்க்காரர்களுக்கு அங்கே வாடகைக்குக் கிடைத்தது ஒரே ஒரு லைன் வீடு. ஒரு தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நான்கு கதவுகள். முன்பு சாமையும் மிளகும் மூட்டை போட்டு வைத்திருந்த கட்டடம். வாடகைக்கு விடுவதற்காக நடுவில் சுவர் எழுப்பியவர்கள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பவில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்தே கிடந்தது. அடுத்த அறையில் தீக்குச்சி உரசினால் எங்கள் அறையில் கேட்கும். அந்த அடுத்த அறையில் இருந்தவர்தான் மேஸ்திரி. மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கத்துக்காரர். மலைச்சாலையில் சரிந்து விழும் மண்ணையும் பாறையையும் அள்ளிப்போடும் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே வீட்டுக்குப் போய் வருவார்.

குடிபோன அன்று மாலையே புகை சுவரேறி வந்தது. கமலம் இருமத் தொடங்கினாள். நான் போய்க் கதவைத் தட்டினேன். என்னைவிட அவர் ஒன்றிரண்டு வயது மூத்தவராகக்கூட இருக்கலாம். வாத்தியார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் தோளுக்கு மேல் புகை எழும்பிக்கொண்டே இருந்தது. "தெரியாமப் போச்சுங்க சார். இனிமே ஊட்டுக்குள்ள பத்த வெக்க மாட்டனுங்க" என்றார்.

சில நாள் வைக்கவில்லை. அப்புறம் வைத்தார். நான் போனேன். அதே மரியாதை, அதே வருத்தம், அதே வாக்கு. இப்படியே அந்த ஆடி மாதம் போயிற்று. எதிர்த்துப் பேசுகிறவரோடு ஒருமுறை சண்டை போட்டுவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் மனதார வருத்தப்படுகிறவரை என்ன செய்வது? கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்தது, வருத்தப்பட்டு வருத்தப்பட்டு அவருக்கும் அலுத்தது. ஒருநாள் அவரே சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க சார். எனக்கு ஏறுது, இந்தக் கைக்குத்தான் ஏறமாட்டேங்குது. உங்க பள்ளிக்கூடத்துல இப்படிப் பசங்க இல்லீங்களா?" இருந்தார்கள். அவர்களிடமும் நான் இதே களைப்போடுதான் மல்லுக்கு நின்றேன்.

வீட்டுக்காரரிடம் சுவரைக் கூரைவரை உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த விவசாயி. தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மேலே காற்று ஓடாவிட்டால் மழைக்காலத்தில் நாலு அறையும் பூசணம் பிடித்துப் பாயும் துணியும் மக்கிப்போகும் என்றார். அது உண்மைதான். கமலம் பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்துச் சுவருக்கு மேலே கட்டினாள். பனியில் அது ஊறி, புகையையும் குடித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் பீடியைவிட மோசமாக நாறியது. அவிழ்த்துவிட்டோம்.

சண்டை என்று சொல்கிறேனே தவிர, சத்தம் போட்டதில்லை. கமலத்தின் வழி வேறு. ஒரு மாலை அவள் என்னிடம் பேசுவதுபோல் சுவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஏனுங்க, இன்னிக்குக் கொழம்புக்குத் தாளிக்க வேண்டியதில்லீங்க. பக்கத்தூட்டுலருந்தே தாளிச்சு அனுப்பிச்சுட்டாங்க." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "கருவேப்பிலை போட மறந்துட்டனுங்க அம்மிணி." கமலம் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அது நிற்க வெகுநேரம் ஆனது. அந்த இருமல் முழுவதையும் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவரே ஒரு யோசனையோடு வந்தார். பற்ற வைப்பதற்கு முன் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். "தட்டுனா சூதானமா இருந்துக்கங்க அம்மிணி. ஒரு பீடி நேரந்தானுங்க." அவருக்கு எல்லா அளவும் அதுதான். பஸ் வர ஒரு பீடி நேரம், விழுந்த மண்ணை அள்ள நாலு பீடி நேரம். கமலமும் சரியென்றாள். எனக்கும் ஒரு முடிவு கிடைத்தது போல இருந்தது.

இங்கே ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு. நடுவில் ஒரு கரும்பலகை. இந்தப் பக்கம் நான் செய்யுள் நடத்தும்போது அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். அவர்கள் தொடங்கும்போது கரும்பலகைக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு சைகை காட்டுவார் அந்தப் பக்கத்து ஆசிரியை. நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவேன். நான் அவர்களைக் கதவோரத்தில் எழுத்து வேலை கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன் என்றே அவர் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். சைகை காட்டுகிறவருக்கு அதன் பிறகு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரிவதே இல்லை.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. மேஸ்திரி குளிருக்குப் பயந்து முன்கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் படுத்தபடி பீடி பிடிப்பார். இரண்டு தட்டு கேட்டதும் கமலம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்ப் பலா மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். புகை கலைந்த பிறகு வருவாள். காலையில், நான் பள்ளியிலிருக்கும்போது, சாயங்காலம், எல்லா நேரமும் இதே கதை. முக்காலியின் கால் பதிந்து மரத்தடியில் குழிகூட விழுந்துவிட்டது. அவருக்கு இது தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஐப்பசி மழை வந்தது. மலையில் மழை பெய்கிறது என்றால் மேகம் வீட்டுக்குள் நடமாடுகிறது என்று அர்த்தம். கமலத்துக்கு இளைப்பு கூடியது. எண்ணெய் தேய்த்த நெஞ்சோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன், கீழே உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்துகொள், நான் பழையபடி சமாளித்துக்கொள்கிறேன் என்று. அவள் துணிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்தாள். அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் மேஸ்திரி நாள் முழுக்கச் சாலையில் சரிந்த மண்ணோடு கிடந்துவிட்டு நனைந்து வந்தார். சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. கமலம் எழுந்தாள். வேண்டாம் என்று நான் கை காட்டியதைப் பார்க்காமல், சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகக் கவிழ்த்துக்கொண்டு முக்காலியோடு மழையில் போய் உட்கார்ந்தாள். குடையை எடுத்துக்கொண்டு நான் பின்கதவுக்கு வந்தபோது, அதிசயமாக மேஸ்திரியும் தன் பின்கதவைத் திறந்து வெளியே வந்தார். கையில் பீடி புகைந்துகொண்டிருந்தது. சேறான காலைக் கழுவ வந்திருக்கிறார். மரத்தடியில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"யாரு அது, மழையில?"

"நாந்தானுங்க. முடிஞ்சுதுங்களா?"

"என்னதுங்க அம்மிணி?"

"பீடி."

அவருக்குப் புரியவில்லை. கமலமே மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "நீங்க தட்டுனீங்களே."

"தட்டுனா கதவைச் சாத்திக்குவீங்கன்னுதானுங்களே நெனச்சேன்."

"மேல மோட்டுத் தகரம் வரைக்கும் தொறந்து கெடக்குது. எந்தக் கதவைங்க சாத்தறது?"

அவர் அந்த முக்காலியைப் பார்த்தார். அதன் கீழே இருந்த குழியைப் பார்த்தார். அவர் கையிலிருந்த பீடி மழையில் அணைந்துவிட்டது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் என் பக்கம் திரும்பினார். அன்று அவர் சொன்னது இன்றும் எனக்கு அப்படியே கேட்கிறது: "மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தானுங்க சார் மொதல் வழி. எறங்குறவன் எங்க வேணும்னாலும் ஒதுங்கி நிக்கலாம். மூச்சு வாங்கிட்டு ஏறுறதை நிறுத்திப்போட்டா அப்பறம் எடுக்க முடியாதுங்க. கண்ட டிரைவரையெல்லாம் இதுக்கு நானே திட்டீருக்கறேன். இத்தனை நாளா ஏறுற வண்டியை ஒதுங்கச் சொல்லித் தட்டிட்டு இருந்திருக்கறேன் பாருங்க."

அவரே முக்காலியைத் தூக்கி வந்து எங்கள் வாசற்படிக்குள் வைத்தார். அன்று முதல் அவர்தான் வெளியே போனார். ஒரு பழைய குடையைப் பிடித்துக்கொண்டு அதே பலா மரத்தடியில் நிற்பார். துணிப்பெட்டி சில நாள் வெளியே கிடந்தது. பிறகு ஒரு நாள் கமலம் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அவர் திருந்திவிட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். பீடியை அவர் விடவில்லை. பனி அதிகமான சில மாலைகளில் வெளியே போகச் சோம்பல்பட்டு உள்ளேயே பற்ற வைத்துவிடுவார். அப்போது தட்டுவது கமலம். இரண்டு தட்டு. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, கட்டில் கிறீச்சென்னும் சத்தம், குடை விரியும் சத்தம். "வாரேனுங்க, வாரேனுங்க" என்று முனகிக்கொண்டே போவார். நான் ஓய்வு பெறும்வரை அப்படியே ஓடியது. அவள் இளைப்பும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவள் கீழே போகவில்லை. எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் கிடைத்த அந்தக் கடைசி வருடங்கள் அந்தக் குடைக்குக் கீழே நின்றவரால் கிடைத்தவை.

போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். வாசலில் கட்டில் போட்டுச் சாய்ந்திருந்தார். பீடியை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "அதுதானுங்க என்னைய விட்டுப்போட்டுது" என்றார். சிரிக்க மூச்சு போதவில்லை. உள்ளே மருமகள் எங்களுக்கு டீ போட விறகடுப்பைப் பற்ற வைத்தார். புகை வாசலுக்கு வந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நானு ஏறுற வண்டிங்க சார்" என்றார். கமலம் எழுந்து உள்ளே போனாள். "டீ வேண்டாங்கண்ணு, அடுப்பை அணைச்சுரு" என்று அவள் சொல்வது கேட்டது.

இறந்த வீட்டில் அவர் தலைமாட்டில் கட்டுக் கட்டாக ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாம்பிராணி வேறு. கமலம் வாசலிலேயே நிற்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வெளியே வரச்சொல்லிச் சைகை காட்டினேன். இரு என்று கையைக் காட்டினாள். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் மருந்தை உறிஞ்சி மூச்சு சீரான பிறகு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஒரு பீடி நேரந்தானுங்களே உக்காந்தேன்" என்றாள்.

இப்போது நாங்கள் இருப்பது சொந்த வீடு. சுவரெல்லாம் மேல்தளம்வரை எழும்பியிருக்கிறது. அடுத்த வீட்டில் இருமினாலும் கேட்காது. மார்கழியில் வாசலில் சருகு கூட்டிக் கொளுத்தும் முன் பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுகிறேன். தட்டிவிட்டு அதோடு நிற்பதில்லை. சுற்றிக்கொண்டு போய் அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துதான் தீக்குச்சியை உரசுகிறேன். நல்லமுத்து மேஸ்திரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடைதான்.