வசனத்துக்கு ஒரு அறை

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் நானும் கணவரும் படுப்போம், இன்னொன்றில் பிள்ளைகள், மூன்றாவதில் கர்த்தருடைய வசனம் குடியிருந்தது. மின்விசிறியோடு. இப்படிச் சொன்னால் என்னை விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தொடங்கி வைத்தது எங்கள் சபையின் பெண்கள் கூட்டம். தேனி அல்லிநகரத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்த மாதம் அது. போதகரின் மனைவி, எங்களுக்குப் போதகரம்மா, வீட்டை ஒழுங்குபடுத்துவதைப் பற்றிப் பேசினார். அலமாரியைத் திறக்கும் முன் ஜெபம் பண்ணுங்கள் என்றார். வைத்துக்கொள்ள ஒரு சாக்கு, கொடுக்க ஒரு சாக்கு, எறிய ஒரு சாக்கு என்று பிரிக்கச் சொன்னார். இரண்டு சட்டை வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறது, நாமோ கட்டாத சேலையைப் பூச்சிக்காகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார். வழக்கமாக அழுகிறவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆனால் அந்தப் பேச்சு எனக்காகவே பேசப்பட்டது என்று நினைத்தேன். காரணம் என் அப்பா.

அப்பா பண்ணைப்புரத்தில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு தானே பொங்கித் தின்றார். ஒரு கண்ணில் புரை, மற்றதிலும் மங்கல். சர்க்கரை குறையட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷர். அவர் ஒருநாள் போனில், “ஆத்தா, ஒங்க வீட்டுல ஒரு மூலை இருந்தாச் சொல்லு. நான் ரொம்ப எடம் அடைக்க மாட்டேன்” என்றார். அன்று ராத்திரியே கணவரிடம் சொன்னேன்.

என் கணவர் மறுக்கவில்லை. எதையும் மறுக்கிற ஆள் இல்லை அவர். அந்தச் சின்ன அறையில் சாமான் கிடக்கிறது, காலி பண்ணிவிட்டுக் கூப்பிடுவோம் என்றார். ஆகவே போதகரம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு மறுநாளே ஜெபம் பண்ணிவிட்டு இறங்கினேன். ஓடாத மிக்சி, பிள்ளைகளின் பழைய கைடுகள், பஞ்சு வெளியே வந்த தலையணைகள் எல்லாம் சாக்குக்குள் போயின. பிறகு வசனங்கள் வந்தன.

புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாகத் தருகிற, அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டுவது எங்கள் வழக்கம். புது வருஷம் வந்ததும் பழையது இறங்கும், ஆனால் வீட்டை விட்டுப் போகாது. அப்படி இறங்கியவை ஒரு அடுக்கு. வசனம் போட்ட காலண்டர்கள் ஒரு கட்டு. கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் தட்டுகள், நடுவில் வசனம், ஓரத்தில் பெண் மாப்பிள்ளை பெயர். கன்வென்ஷன் கூட்டங்களில் கொடுத்த, வசனம் அச்சடித்த பைகள். முள் நின்றுபோன கடிகாரம், அதன் முகத்திலும் வசனம். இவற்றை எறிகிற சாக்கில் போட எங்கள் ஆட்களுக்குக் கை வராது. வசனம் அச்சடித்த காகிதம் குப்பையில் கிடந்தால் பாவம் நம் தலையில் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். என் கையும் வரவில்லை. போதகரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வசனத்தை எறிய முடியாதும்மா, ஒரு பக்கமாக வையுங்கள் என்றார். ஒரு பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.

எல்லாப் பெண்களும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அதை என் கணவர் தீர்த்து வைத்தார். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து, தேவனுடைய வார்த்தையை யாரும் குப்பையில் போட வேண்டாம், எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள், முறைப்படி என்ன செய்வதென்று பார்த்துக்கொள்வோம் என்று அறிவித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்துதான் நானும் அதைக் கேட்டேன்.

வந்தார்கள். ஸ்கூட்டியில் வந்தார்கள், ஆட்டோவில் வந்தார்கள். ஒருத்தி சாக்கு நிறைய என் அறையில் கொட்டிவிட்டு, இப்போதுதான் தன் வீடு வீடு மாதிரி இருக்கிறது என்று பூரித்துப் போனாள். டீயும் குடித்துவிட்டுத்தான் போனாள். ஊரே வீட்டைச் சுத்தம் பண்ணியது, என் வீடு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஆனது. அப்பா படுக்க வேண்டிய இடத்தில் காலண்டர்கள் இடுப்பு உயரத்துக்கு எழும்பின. காகிதத்தில் ஈரம் ஏறக்கூடாது என்று கணவர் அங்கே விசிறி போட்டுவிட்டு வேலைக்குப் போவார்.

அந்த ‘முறைப்படி’ எப்போது என்று கேட்டேன். கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். கமிட்டி கூடியது, ஆலய மாடிக்கு ஷீட் போடுவதைப் பற்றிப் பேசியது, கலைந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், “அப்பா எங்கனதான் படுப்பாக? அதச் சொல்லுங்க” என்றேன்.

“நான் வேண்டாம்னா சொன்னேன்? வசனத்து மேல கால நீட்டிப் படுக்கச் சொல்றியா ஒங்கப்பாவ?”

மனுஷனை வெளியே நிறுத்திவிட்டுக் காகிதத்துக்கு விசிறி போடுகிற வீட்டுக்குள் எந்தத் தேவன் வருவார் என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கத்துகிறவள் நான், அமைதியானவர் அவர். வெளியே எங்களுக்கு இருக்கிற பெயரும் அதுதான்.

அப்பா ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவார். மழை, மாடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் கேட்பார். அறையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். நானாகவே இன்னும் கொஞ்ச நாள்ப்பா என்பேன். அவசரமில்லை தாயி என்பார். கோபமாக இரண்டு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. சோறு வடிக்கும்போது பார்வை சரியாகத் தெரியாமல் வடிதட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி முழுவதும் அவர் வலது கையில் கொட்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தானே எதையோ தடவி, விரல்களை எல்லாம் சேர்த்து வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டு, இடது கையால் பொங்கித் தின்றிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டபோது புண் பாதி ஆறியிருந்தது. தேனிக்குக் கூட்டி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். விரல்கள் மடங்கியபடியே தோல் இறுகிவிட்டது, பட்ட உடனே வந்திருந்தால் நீட்டி வைத்துக் காப்பாற்றியிருக்கலாம், இனி ஆபரேஷன் செய்தாலும் முழுசாக விரியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

அவர் வார்டில் இருந்த நாட்களில் நான் யாரையும் கேட்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்தேன். கணவர் வாசலில் நின்று, சபையார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தனை வசனத்தையும் ஏற்றிக்கொண்டு போய், ஆராதனைக்கு முன்னால் ஆலய முகப்பில் இருபக்கச் சுவரிலும் சாய்த்து வைத்தேன். தட்டுகளைப் பெயர் வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக நிறுத்தினேன். வந்த பெண்கள் தங்கள் மகன் பெயரையும் மருமகள் பெயரையும் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. போதகர் வெளியே வந்து என்னம்மா இது என்றார். எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன், அப்பாவின் கையையும் சேர்த்து.

அவர் திகைத்துப் போனார். “இதுக்காம்மா? தோட்டத்துல ஒரு குழி எடுத்து ஜெபம் பண்ணிப் பொதைச்சிருக்கலாமே. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே.”

அவ்வளவுதான். ஒரு குழி. போதகரம்மா அவரோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார், அவரும் கேட்கவில்லை. கமிட்டியும் கேட்கவில்லை. மறுநாளே குழி எடுத்துப் புதைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா ஒரு பையோடும் ஒரு போர்வையோடும் அந்த அறைக்குள் போனார். உண்மையில் அவர் அதிகம் இடம் அடைக்கவில்லை. கரண்டியால் சாப்பிடுவதை மாப்பிள்ளை பார்க்கக்கூடாது என்று தட்டை உள்ளேயே வாங்கிக்கொண்டார். கையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருந்தார். கணவர் அறை வாசலில் நின்று புண் ஆறிவிட்டதா என்று கேட்பார், ஆறிவிட்டது என்பார் அப்பா. கணவர் உள்ளே போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிறு அப்பாவும் ஆராதனைக்கு வந்திருந்தார். தேவன் தங்களுக்குச் செய்ததைச் சபைக்கு முன் சொல்கிற சாட்சி நேரத்தில் என் கணவர் எழுந்தார். வீட்டை ஒழுங்குபடுத்து என்று தேவன் தன்னோடு பேசியதாகவும், தான் கீழ்ப்படிந்து மாமனாருக்கு ஒரு அறையைக் காலி பண்ணிக் கொடுத்ததாகவும் சொன்னார். பொய் சொல்கிற முகமே இல்லை. அவர் அதை நம்பினார், அதுதான் என்னால் தாங்க முடியாதது. சபை ஸ்தோத்திரம் சொன்னது.  நான் வாயைத் திறந்திருந்தால் அன்று ஆராதனை முடிந்திருக்காது.

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கை நீட்டினார். அப்பா இடது கையை நீட்டினார். பெரியவரின் கை பாதியில் நின்றது. என் கணவர் அப்பாவின் பக்கம் குனிந்து, சிரித்த முகத்தோடு, “மாமா, வலது கையக் குடுங்க” என்றார்.

அப்பா துண்டுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். விரல்கள் சோற்றை அள்ளுகிற மாதிரி மடங்கி ஒட்டிக் கிடந்தன. “விரிய மாட்டேங்குது மாப்ள. தப்பா நெனைக்காதீக” என்றார். சொல்லிவிட்டு அவசர அவசரமாகத் துண்டை இழுத்து அதை மூடப் போனார்.

நான் ஆண்கள் பக்கம் நடந்து போய் அந்தத் துண்டை உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

“மூடாதீகப்பா. எல்லாரும் பாக்கட்டும்.”