இரண்டாவதாகப் போடும் பாட்டு

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நோர்வூட்டுக்கு வேன் ஏறுமுன் என் கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு இசைக்குழுக்களைப் பற்றி அவர் வாயைத் திறக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா என்ன சொன்னாலும் "ஆமாங்க, நல்லாத்தான் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

"சின்னப் பிள்ளையா இருந்தா மிட்டாய் குடுத்து வாய அடைச்சிருப்பேன்" என்றேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு முதலில் வந்த சம்பந்தம் இவர் வாயால்தான் கெட்டது. பெண் பார்க்க வந்த பையனின் மாமா, சும்மா பேச்சுக்கு, இங்கிலீஸ் பாட்டெல்லாம் ஒரே இரைச்சல்தானே என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வந்தவர்களை உட்காரவைத்து, அறுபதுகளில் இங்கிலாந்தைக் கலக்கிய இரண்டு போட்டிக் குழுக்களின் பாட்டுகளை மாறி மாறிப் போட்டு, எது இசை, எது இரைச்சல் என்று பாடம் எடுத்தார். நான் சுட்டு வைத்த பெட்டிஸ் தட்டிலேயே ஆறிப்போனது. அவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். இந்த மாமனாரோடு காலம் தள்ள முடியாது என்று சொன்னதாகப் பிறகு காதுக்கு வந்தது.

இவர் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து தூளாகும்வரை பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது தோட்டத்து உத்தியோகத்தர்களின் ஸ்டாப் குவாட்டர்ஸில், வானொலியின் ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பக்கத்தில். அவருக்குப் பிடித்த குழுவில் நாலு பேர். ஒரே மாதிரிக் கோட்டு, நெற்றியில் வழியவிட்ட முடி. இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து ஒரே குரலாகிவிடும். ஒரு பாட்டில் வயலின் வரும், இன்னொன்றில் சித்தார் வரும், ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது. எதிர்க் குழுவினர் சீப்பையே பார்த்திராதவர்கள். கிட்டாரில் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அதற்கு மேலே ஒருவர் சண்டைக்கு நிற்பதைப் போலப் பாடுவார். "நம்ம ஆளுங்க காதலிகிட்ட கெஞ்சுவாங்க, இவனுங்க மெரட்டுவானுங்க" என்பது என் கணவரின் தீர்ப்பு. அதை நிரூபிக்க இரண்டையுமே போட்டுக் காட்டுவார். முதலில் நல்லது, இரண்டாவது கெட்டது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

இப்போது பார்த்திருக்கும் பையன் ஹட்டனில் என் மகளோடு ஒரே வங்கியில் வேலை செய்கிறான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. இதுவும் முறிந்தால் இனி யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்படிச் சொன்னவளே பிறகு வெளிறிய முகத்தோடு வந்து நின்றாள். "அம்மா, அவங்க அப்பாவுக்கும் அதே பைத்தியந்தான். ஆனா மத்த குரூப்பு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். நான் எங்கள் ஊருக்கு 'டீச்சர்' என்றால் அவர் அவர்கள் ஊருக்கு 'சேர்'. அவர் வீட்டு முன்னறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், அந்தச் சீப்புக் காணாதவர்களை. என் கணவர் பார்த்தார். வாயைத் திறக்கப்போனார். நான் இருமினேன்.

வந்தவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்த கையோடு அந்த சேர் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களும் பாட்டுல பெரிய ஆளுன்னு கேள்விப்பட்டேங்க. என்ன சொல்றீங்க, நம்ம ஆளுங்களப் பத்தி?"

"நல்லாத்தான் இருக்குங்க."

"ஒங்க ஆளுங்களவிடவா?"

"ஆமாங்க."

"ஒங்க ஆளுங்க பாட்டு சீனி கூடிப்போன டீ மாதிரின்னு நான் சொல்வேன். சரிதானுங்களா?"

ஒரு டீமேக்கரிடம் சொல்லக்கூடாத வார்த்தை இது. என் கணவர் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இருக்கலாங்க" என்றார்.

கர்த்தரே, இந்த ஒரு நாள் தாண்டட்டும் என்று நான் உள்ளுக்குள் ஜெபித்தபடி இருந்தேன். மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. மகள்தான். "அப்பா வாயத் தொறந்தாரா?" என்று கேட்டிருந்தாள். இல்லை என்று பதில் போட்டேன்.

ஆனால் சேரின் முகம் வாடிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னை அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினிக்குள் கூப்பிட்டார்.

"டீச்சர், நேராவே கேக்குறேன். ஒங்க வீட்டுக்காரருக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலையா? எங்க வீட்டுக்காரரு நாலு நாளா ராப்பகலாப் பாட்டத் தேடித் தேடி எடுத்து வச்சிருக்காரு, சம்பந்தியோட வாதாடணும்னு. இவரு என்னடான்னா எதச் சொன்னாலும் தலைய ஆட்டுறாரு. எங்களோட பேசுறதே கேவலம்னு நெனக்கிறாரோன்னு அவருக்குச் சங்கடமாப் போச்சு."

பேசியதால் ஒரு சம்பந்தம் போனது, பேசாததால் இன்னொன்று போகப் பார்க்கிறது. முன்னறைக்கு ஓடிவந்தேன்.

"என்னங்க, மனசுல உள்ளதச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். நான் சோதிக்கிறேன் என்று நினைத்தார் போல. "நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேனே" என்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கிறார், அதுவும் இந்த நேரத்தில். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

சேர் எங்கள் இருவரையும் பார்த்தார். கடைசியாக ஒரு மரியாதைக்கு என்னிடம் திரும்பினார். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. எது ஒசத்தி?"

"ஒங்க ஆளுங்கதாங்க" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. இதையும் மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார். பதற்றத்தில் நான் நிறுத்தவில்லை.

"நான் லயத்துல, கொழுந்து பறிக்கிறவங்க வீட்டுல பொறந்தவங்க. விடியக்காலையில வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுக்கு ஆளக் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பாங்க. பனியா இருக்கட்டும், காய்ச்சலா இருக்கட்டும், அந்த அடி விழுந்தா ஒடம்பு தானா எழும்பிரும். ஒங்க ஆளுங்க பாட்டும் அப்படித்தான். திரும்பத் திரும்ப ஒரே அடி அடிக்கிறாங்கன்னு இவரு சொல்வாரு. அந்த ஒரே அடிதாங்க எழுப்புது. இவரு ஆளுங்க பாட்டு அழகுதான். ஆனா அது உக்காந்து கேக்குறவங்களுக்கு. நான் எப்ப உக்காந்தேன்?"

என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னது?" என்றார்.

அதற்குப் பிறகு அவரை யார் நிறுத்துவது? "உக்காந்து கேக்குறவங்களுக்கா? அந்த மூணு குரலும் சேருற எடத்துல நிக்கிறவனும் உக்காந்துருவான்!" என்று எழுந்தார். சேரும் எழுந்தார். பாட்டு மேல் பாட்டாக ஓடியது. ஒருவர் குரலைக் காட்டினார், மற்றவர் தாளத்தைக் காட்டினார், மேசையைத் தட்டினார்கள், ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை. சேரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டே, "சரி, தை மாசம் வச்சிருவோமா?" என்று கேட்டார். "வைங்க. ஆனா கல்யாண வீட்டுல முதல்ல எங்க ஆளுங்க பாட்டுத்தான்" என்றார் இவர். அப்படித்தான் என் மகளின் கல்யாணம் நிச்சயமானது.

திரும்பி வரும்போது வேனில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹட்டன் தாண்டியது. மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், அவள் சிரிப்புப் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தாள். என் பயம் மட்டும் போகவில்லை, இனி இவர் என்னை என்ன கேட்பாரோ என்று இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. தலவாக்கலைக்குக் கிட்ட வந்ததும் கேட்டார்.

"அந்த ரெண்டாவது பாட்டப் போடுறப்பல்லாம் நீ கையத் தொடச்சிக்கிட்டு முன்னறைக்கு வருவியே. நான் சொல்றது சரின்னு சொல்லத்தான் வர்றேன்னு நெனச்சேன்."

"கேக்கத்தாங்க வருவேன்."

"ஒரு நாள் சொல்லியிருக்கலாமே."

"ஒரு நாள் கேட்டிருக்கலாமே."

அவர் வெளியே பார்த்தார். தேயிலை மலை மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "போடு. ஒனக்குப் புடிச்சதப் போடு."

வாங்கிக்கொண்டு விழித்தேன். எனக்கு அந்தப் பாட்டின் பேர் தெரியாது. இத்தனை வருசத்தில் அவர் அதன் குறைகளை மட்டும்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"பேர் தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திரும்ப வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் விரலாலேயே அந்தப் பேரைத் தட்டினார். எது என்று அவர் கேட்கவேயில்லை.

முதல் அடி விழுந்தது. கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

"இந்த எடத்தக் கவனி, பாடுறவன் சுருதி..."

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன். "நான் கேக்கணும்."