தாவ் கிழவரின் ஏழு சட்டைகள்

எங்கள் யூஷி ஊரில் தாவ் யோங்ஷுன் சிகரெட் பற்றவைத்தால், மேகம் திரண்டுவிட்டதென்று மலைக்கு அந்தப் பக்கம் குடை எடுப்பார்கள். அவருக்குப் பேரன் பிறந்தான். பெற்றவள்மேல் காற்றுப் படக்கூடாதென்று பிரசவமான முதல் மாதம் முழுக்க ஜன்னலைச் சாத்திவைப்பது எங்கள் வழக்கம். சாத்திய அறைக்குள் கிழவர் ஊதினார், குழந்தை இருமியது.

வீடு தேடி வந்த நர்ஸ் மூ குய்லான் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பெரியப்பா, தனக்குத்தானே செஞ்சுக்க முடியாதவங்களுக்கு முடிஞ்சவங்க செய்யணும். எங்க நர்சிங் படிப்போட கோட்பாடே அதான். இவனால எந்திரிச்சு வெளிய போக முடியாது. உங்களால முடியும்ல?"

"நான் போயிட்டா பேரனை யாரு தூக்குறது?"

"நீங்கதான். வெளிய ஊதுங்க. ஒவ்வொரு தடவையும் குளிச்சு, சட்டை மாத்திட்டு வந்து தூக்குங்க."

மறுநாள் மதியத்துக்குள் அவருடைய ஏழு சட்டைகளும் ஈரமாகக் கொடியில் தொங்கின. மனைவியின் பூப்போட்ட மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து தூக்கினார். பேரன் இருமாமல் தோளில் தூங்கினான்.

அவனைப் பார்க்க வந்த பக்கத்துவீட்டு ஹே, வாசலிலேயே சிகரெட்டை நீட்டினார். மறுத்தால் மரியாதையில்லை. கிழவர் வாங்கிக் காதில் செருகிக்கொண்டார்.

"ஏன்யா, பத்தவைக்கலியா?"

"வச்சா, அடுத்து என் வீட்டுக்காரியோட கல்யாணச் சட்டைதான் மிச்சம்."