என் துவக்குக்குச் சேராத குண்டு

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய ட்ருகனினாவில், எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் விட இடமில்லை. அங்கே என் கணவர் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கிறார். சனிக்கிழமைகளில் இருவரும் கிளப்புக்குப் போய், ஆளுக்கொரு ரிவோல்வரால் இலக்கு அட்டையில் சுடுவோம். "அங்க ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச காசு குடுத்துச் சுடுறியளோ?" என்று கேரம் டவுன்ஸ் கோயிலில் ஓர் அன்ரி கேட்டார். சிரித்து மழுப்பினேன். துவக்கைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவருடைய அட்டையைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சுட்ட துளைகள் தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கிவிடும். என் அட்டையோ அம்மை போட்ட முகம். ஒரே நாள் சேர்ந்தோம், ஒரே ரக ரிவோல்வர் வாங்கினோம், ஒரே மேசையில் அவர் செய்த குண்டுகளையே சுட்டோம். அவர் முதுகைத் தட்டுகிறவர்கள் என்னிடம் வந்து கை நடுங்குகிறதா என்று கேட்பார்கள். "நீர் மூச்சை அடக்கிறேல்லை" என்று இவர் வேறு. ஐயோ, என் வயிறு எரிந்த எரிச்சல்!

அப்போது கிளப் அணியில் ஓர் இடம் காலியானது. கிளப் போட்டியில் ஆகக் கூடிய புள்ளி எடுப்பவருக்கு அது. எனக்கு அது வேண்டும். அவருக்குக் கிடைக்கவே கூடாது. உண்மையைச் சொன்னால் இரண்டாவது ஆசைதான் பெரிது.

துவக்குகளைத் துடைக்கும்போது கவனித்தேன். என் குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது, அவருடையது பளபளவென்று இருந்தது. பொறாமைக்குக் கண் கூர்மை. தோட்டா போடும் சிலிண்டர்கள் இரண்டையும் கழற்றி, முன்துளைகளில் அவர் செய்த குண்டைப் போட்டுப் பார்த்தேன். அவருடையதில் குண்டு நின்றது. விரலால் மெல்லத் தள்ளத்தான் போனது. என்னுடையதில் பொத்தென்று மறுபக்கம் விழுந்தது. இந்தத் தளர்ந்த குண்டுதான் குழலில் ஈயத்தையும் அப்பி, என் குறியையும் சிதறடித்திருக்கிறது. வார்த்த குண்டுகளை எல்லாம் தன் துவக்கின் அளவுக்கே அச்சில் அழுத்தியிருக்கிறார் மனுஷன்!

"ஒரே ரகம்தானே, ஒரே அளவெண்டு நினைச்சன்" என்று தலையைச் சொறிந்தார்.

கொஞ்சம் அகன்ற அச்சு வாங்கினேன். குண்டு அளவாகச் சேர்ந்தது. இனி அவர் போடுகிற அளவு வெடிமருந்தைப் போட்டால் வேலை முடிந்தது என்று கை நீட்டினேன். மருந்துப் போத்தலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"குண்டு மாறினா எல்லாம் முதல்லயிருந்துதான். தோட்டா செய்யிற புத்தகத்தில இருக்கிற ஆகக் குறைஞ்ச அளவில தொடங்கும். சுட்டுப் பாத்துப் பாத்துக் கூட்டலாம், புத்தகத்தின்ர எல்லையைத் தாண்டக் கூடாது. வெடிச்ச தோட்டாக் கோது கழலாமல் இறுகினா உடன நிப்பாட்டும்."

"போட்டிக்கு நாள் கிட்டுது. நான் வெல்லக் கூடாதெண்டுதானே உந்தக் கதை?"

"மருந்து கூடித் துவக்கு வெடிச்சு விரல் போனா எப்பிடி வெல்லுவீர்?"

முணுமுணுத்துக்கொண்டே அடியிலிருந்து தொடங்கினேன். மருந்தைக் கூட்டக் கூட்டத் துளைகள் சிதறின. ஆகக் குறைந்த அளவுக்குச் சற்று மேலேதான் அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. அவர் போடுகிற அளவுக்கு நான் போகவே தேவைப்படவில்லை.

போட்டியில் ஒரு புள்ளியால் அவரை வென்றேன். அட்டையை வேண்டுமென்றே அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். இத்தனை நாள் நான் எரிந்ததில் பாதியாவது அந்த முகத்தில் பார்க்க வேண்டும் எனக்கு.

அவர் அட்டையைப் பறித்துக்கொண்டு ஓடினார். கிளப் முழுக்கக் காட்டினார். போதாதென்று மறுநாள் கோயிலுக்கும் கொண்டுவந்து அதே அன்ரியிடம் நீட்டினார். "பாருங்கோ அன்ரி, என்ர மனிசி சுட்டது. என்னை வெண்டிட்டா!"

திரும்பி வரும்போது காருக்குள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ, உங்களுக்குக் கொஞ்சமும் எரியேல்லையோ?"

"என்னத்துக்கு?" என்றார்.

அணியில் இடம் என்னிடம்தான் இருக்கிறது. அந்த "என்னத்துக்கு" இன்னும் என் வயிற்றில் கிடந்து எரிகிறது.