என் நிச்சயத்துக்கு அச்சடித்த பை

என் அப்பா பொய் சொல்ல மாட்டார். உண்மையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குவார், அவ்வளவுதான். அவர் பார்த்த தொழில் அப்படி.

தண்டையார்பேட்டையில் ரயில் லைனை ஒட்டி எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஹார்பரில் உர மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுக்கையில் கிழிந்து போனவற்றை அப்பா ஏலத்தில் எடுத்து வருவார். சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை உருவி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, கொடியில் காயப்போட்டு, நறுக்கி உருக்கி மிஷினில் ஊதினால் நீளமாகப் பலூன் மாதிரி வரும். அதை அமுக்கி உருளையாகச் சுருட்டுவார்கள். அச்சடித்து, வெட்டி ஒட்டினால் பை. அது எழுபதுகள். மளிகைக்கடைக்காரர்களுக்குக் காகிதப் பொட்டலம் கசந்து, கடைப்பெயர் போட்ட பிளாஸ்டிக் பை இனிக்க ஆரம்பித்திருந்தது.

கழுவுகிற வேலை எனக்கும் அம்மாவுக்கும். யூரியா கையைத் தின்றுவிடும். எவ்வளவு பவுடர் அடித்தாலும் என்மேல் ஒரு மூத்திர நெடி இருந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம், அந்த நெடியில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் கிளார்க். சுருதியே சேராது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுவார். அந்தத் தைரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவருக்கும் என்னைப் பிடித்தது. நெடியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. சிக்கல் அவருடைய அம்மா. ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாசல்படிக்குக்கூட ஃபினாயில் போடுகிற பெண்மணி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார்.

"குப்ப பொறுக்குற வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன். மின்னாடியே சொல்ட்டேன். நீங்க இன்னா பண்றீங்க?"

"பிளாஸ்டிக் பேக்டரி" என்றார் அப்பா. "பிரிண்டிங்கும் நாமளே. எல்லாம் புது சரக்கு."

யூரியா தின்ற கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். அந்த ஆளை நான் கட்டிக்கொள்ள வேண்டுமே.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. ஒருவனும் சொல்லவில்லை. இரண்டாவது ஓலை அன்று மதியம் நிச்சயதார்த்த விருந்து. வருகிறவர்களுக்குக் கேக்கும் வாழைப்பழமும் போட்டு எங்கள் இருவர் பெயரும் அச்சடித்த பிளாஸ்டிக் பை கொடுத்தே தீருவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

பிளாஸ்டிக்கில் மை லேசில் ஒட்டாது. அதனால் உருளையாகச் சுருட்டும்போதே ஒரு பக்கத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டுவார்கள். சுட்ட பக்கத்தில் மை பிடிக்கும். சுடாத பக்கத்தில் அடித்தால் காய்ந்தது போலப் பாசாங்கு செய்துவிட்டு, ஈரக்கை பட்டதும் கையோடு வந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பா எங்கள் பைக்கான உருளையை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். பங்குச் சாமியார் மந்திரித்து, உருளையின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயின் ஒரு முனையில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டுக் கொடுத்தார். கொட்டகைக்குத் திரும்பியதும், வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து எங்களிடம் அச்சு மிஷின் ஓட்டிய பாய் அதை வழக்கம்போல் மாட்டினார். சிலுவை இடது பக்கம் வந்தது.

"சிலுவய போயி பீச்சாங்கை பக்கம் வெப்பாங்களா? திருப்பி மாட்டு பாய்."

"உங்க சாமி, உங்க மிஷினு. நமக்கு இன்னா?"

திருப்பி மாட்டினார். உருளையைத் திருப்பினால் சுட்ட மேல் பக்கம் கீழே போய்விடும் என்பது அங்கிருந்த ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு, நெருப்பே படாத பக்கத்தில் ஜம்மென்று அச்சடித்தோம். சிவப்பு மையில் எங்கள் பெயர்கள், நடுவில் இரண்டு புறா. புறா கோழி மாதிரி இருந்தது, அது வேறு கதை.

கோயில் பள்ளிக்கூட ஹாலில் விருந்து. வேகிற மே மாதம். பிரியாணி முடிந்து பை கை மாறிய கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கச் சிவப்பு உள்ளங்கைகள். புறாக்கள் பறந்துவிட்டன. சின்னதுகள் ஒன்றன் முதுகில் ஒன்று கையை அப்பி விளையாடின. மாப்பிள்ளையின் அம்மா பையைப் பிடித்த கையாலேயே முகத்து வியர்வையை வழித்துவிட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் சிவப்புப் பட்டையோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். சொல்ல யாருக்குத் துணிச்சல்? பையைப் பிரித்தார், மூக்கைச் சுளித்தார்.

"இன்னா நாத்தம் இது?"

"புது பிளாஸ்டிக்னா அப்டித்தான் சம்பந்தி" என்றார் அப்பா. "நாலு நாள்ல பூடும்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. இன்னும் ஒரு பொய்யை விழுங்கினால் செத்துப்போவேன் போலிருந்தது.

"புதுசும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். "ஹார்பர்ல கிழிஞ்ச உர மூட்ட. நானும் எங்கம்மாவும் கழுவுனது. வேணாம்னா இப்பவே சொல்ட்டு போங்க. மொதல்ல மூஞ்ச தொடைங்க, மை ஈஷிகினு கீது."

முந்தானையால் முகத்தைத் துடைக்கும் தன் அம்மாவையும் என்னையும் மாப்பிள்ளை மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அந்த அம்மாள் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து, மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஃபினாயில் போட்டா பூடும்" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இத்தினி பேர்ல ஒருத்தருக்கும் எம்மூஞ்சிய பத்தி சொல்ல வாய் வரல. இந்தப் பொண்ணு சொல்லிச்சு. கல்யாணம் நடக்கட்டும். ஆனா பை வேணாம். இவங்க நைனாவும் வாய தொறக்க வேணாம்."

சம்பந்தியம்மாள் சும்மா சொன்னதை அப்பா கட்டளையாக எடுத்துக்கொண்டுவிட்டார். கல்யாணத்தன்று பூசையிலும் பேசவில்லை, பந்தியிலும் பேசவில்லை. யார் கையைக் குலுக்கினாலும் தலையை மட்டும் ஆட்டினார். புதுச் சட்டையோடு ஓரத்தில் தூணருகே நின்றுகொண்டிருந்தார். என் அப்பா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவரைப் பொய்யர் என்று ஊரறியக் கத்தியவள் நான்தான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மேடையிலிருந்து இறங்கி ஓடியவளும் நான்தான்.

"அத்த, நைனாவ பேச சொல்லுங்க" என்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு பயமா கீது." அதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேராகத் தூணருகே போனார்.

"உங்க மிஷினு எந்த ஊரு சம்பந்தி?"

கொருக்குப்பேட்டை லேத்துப் பட்டறையில் பழைய இரும்பை ஒட்டவைத்துச் செய்த மிஷின் அது. அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெர்மனி" என்றார்.

"அப்டியா" என்று என் மாமியார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கப்பல்லயா வந்துச்சு? வெவரமா சொல்லுங்க."