"பாப்பம்" என்ற சொல்லுக்கு ஒரு விதி

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில், வெங்காயமும் மரக்கறியும் வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்பும் கடை ஒன்றில் எனக்கு வேலை. பின்னேரத்தில் தோட்டக்காரருக்குப் போன் எடுத்து, நாளைக்கு யார் சாமான் கொண்டுவருவார் என்று கேட்க வேண்டும். அதை வைத்து எத்தனை லொறி தேவை என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. சனி, ஞாயிறுகளில் யாழ்ப்பாணம் போய் நான் படித்த வணிகக் கணினிப் பட்டப்படிப்பும் அதில்தான் ஓடியது.

கடைசி வருடத்தில் ஒரு செயற்றிட்டம். ஏதாவது ஒரு வியாபாரத்தை எடுத்து, அங்கே இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு படம், கணினி வந்தபின் எப்படி நடக்கும் என்று இன்னொரு படம் கீறி, அந்தக் கணினி முறைமையையும் செய்து காட்டவேண்டும். மற்றவர்கள் வங்கி, ஆஸ்பத்திரி என்று அனுமதி கேட்டு அலைந்தார்கள். எனக்கென்ன, கையில் கடை இருந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, செய்யும். எங்களுக்கும் உதவும்தானே," என்றார்.

என்னை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் கெட்டிக்காரி. குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தோட்டக்காரருக்குக் கணினியே போன் எடுக்கிற மாதிரி நான் எழுதிய முதல் வரைவைப் பார்த்து, "உதென்ன, ஓம், இல்லை எண்டு ரெண்டு பொத்தான்? உங்கடை தோட்டக்காரர் ஓம் எண்டால் ஓமோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஒரு "ஓம்" என்றால், நீ கதைப்பது கேட்கிறது என்று அர்த்தம். "ஓமோம்" என்றால், போனை வை என்று அர்த்தம். "வாறன்" என்றுவிட்டு விலையை இன்னொருமுறை கேட்டால் நிச்சயம் வருவார். "பாப்பம்" என்றால் சாமான் வேறு கடைக்குப் போய்விட்டது. ஏழாலை ஆளோ உரும்பிராய் ஆளோ, "பாப்பம்" சொன்ன எவரும் அடுத்தநாள் வந்து நான் கண்டதில்லை.

"உதைத்தான் எழுதும்," என்றார் அவர். "குரலை எழுத்தாக்கிற வசதி இப்ப கிடக்கு. விதியளை நீர் சொல்லிக் குடும்."

எழுதினேன். அடக்கமில்லாமலே சொல்கிறேன், வகுப்பில் எவரிடமும் இல்லாத விதிகள் என்னிடம் இருந்தன. விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிறகு கடையில் அதை ஓடவிட்டோம். பின்னேரமானால் அதுவே எல்லோருக்கும் போன் எடுத்தது. என் மேசைப் போன் சும்மா கிடந்தது. அது பிழைவிட்டால் திருத்துவதற்காக நான் பக்கத்தில் இருந்தேன். பிழை நாளுக்குநாள் குறைந்தது. ஒருநாள் அது ஓர் "ஓமோம்"ஐ நம்பி ஏமாந்தபோது உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். ஆனாலும் திருத்தினேன், புள்ளி வேண்டுமே.

ஏழாலைத் தோட்டக்காரர் ஒருவர் சந்தையில் என்னைக் கண்டு, "தங்கச்சி, இப்ப போனிலை கதைக்கிறது நீரில்லையோ? குரல்தான் வேறை, கேள்வியெல்லாம் உம்மடை மாதிரியே கிடக்கு," என்றார். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமையே முதலாளி, கணினி வந்தபின் எப்படி என்று நான் கீறிய இரண்டாவது படத்தை மேசையில் விரித்து, அதிலிருந்த உருவங்களை விரலால் தொட்டார்.

"இது நான். இது லொறிக்காரன். இது தோட்டக்காரர். நீர் எங்கை, பிள்ளை?"

கணினி என்று எழுதியிருந்த பெட்டியைக் காட்டினேன். அவர் படத்தை மடித்துத் தன் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"அண்ணை, சோதினை முடியவும் நான் வழமைபோல வரலாம்தானே?"

"பாப்பம்," என்றார்.

பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை பயமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கே போய்ச் சண்டை பிடித்திருப்பார்.

செயற்றிட்டத்தின் வாய்மொழிச் சோதனைக்கு மூன்று பரீட்சகர்கள் இருந்தார்கள். முறைமை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார்.

"நல்லாயிருக்கு. இதாலை அந்தக் கடைக்கு என்ன லாபம்?"

"ஒரு ஆளின்ரை சம்பளம் மிச்சம், சேர்."

"அந்த ஆளோடை கதைச்சனீரோ? வேலை செய்யிற ஆக்கள் எதிர்த்தால் எந்த முறைமையும் நிலைக்காது."

"அந்த ஆள் நான்தான், சேர்."

மூவரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப எதிர்ப்பு ஒண்டும் இல்லை," என்று சொல்லிப் புள்ளி போட்டார்.